மச்சான் பிடித்த கயிறு

ராமநாதபுரத்துக்கு வெளியே, ஜமீன் குதிரைகள் நின்ற பழைய லாயத்தில், 1956-இல் மனநோய்க்கென்று ஒரு வார்டு திறந்திருந்தார்கள். குதிரைகள் போய்விட்டன, வாசனை மட்டும் ஓய்வுபெற மறுத்து அங்கேயே இருந்தது. உச்சி வெயிலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. இன்னாசி தன் தங்கை புருஷன் சூசைமுத்துவைக் கைத்தாங்கலாக இறக்கினான். பின்னால் தூக்குச்சட்டியோடு தங்கை அற்புதம்மாள்.

வண்டிக்காரனைப் போகவிடவில்லை. இங்கே ஒன்றும் ஆகாவிட்டால் அதே வண்டியில் பேயோட்டுகிற கொட்டகைக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே தூணும் சங்கிலியும் தயாராக இருந்தன.

சூசைமுத்து சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறங்குவான். மூச்சு முட்டினால் கயிற்றை இழுப்பான். வள்ளத்தில் இருப்பவன் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பது வழக்கம். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டானாம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு மச்சான்மாரோடு அதிகப் பழக்கம் இல்லை போலும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இன்னாசி தூக்கியபோது சூசைமுத்து நீலம் பாரித்து வந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் பேச்சு இல்லை. பெண்டாட்டியைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கடல்பேய் அடித்துவிட்டது என்று முதலில் சொன்னவன் இன்னாசி. பேய்மேல் பழி போடுவதில் ஒரு வசதி: அது மறுத்துப் பேசாது.

டாக்டர் ராமசுப்பிரமணியன் இளவயசுக்காரர். சூசைமுத்துவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"புத்தி கலங்க ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் அற்புதம்மாளிடம். "தலையில அடி, விஷக்காய்ச்சல், மூளைக்குக் காத்து கிடைக்காமப் போறது, இதெல்லாம் உடம்பு வழி. பயம், துக்கம், வெளிய சொல்ல முடியாத விஷயம், இது மனசு வழி. இவர் தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தாருன்னு தெரிஞ்சா, இன்னிக்கே இங்க சேர்த்துக்குவேன்."

"எப்பவும் போலத்தேன்யா," என்றான் இன்னாசி. "அறுவது எண்ணுற நேரம்."

"அப்படின்னா காரணம் வேற. கண்டுபிடிக்க நாளாகும்."

"நாளாகும்னா பேய்தேன்." அற்புதம்மாள் எழுந்தாள். "வாண்ணே. பொழுது சாயுறதுக்குள்ள கொட்டகைக்குப் போயிருவோம்."

இன்னாசி மச்சானின் அக்குளில் கை கொடுத்தான். சட்டை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தான்.

வியர்வையில் பாசி நாறாது.

கடல் அங்கிருந்து ஆறு மைல்.

பெஞ்சுக்கு அடியில் தரை கறுத்து, ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. சூசைமுத்து கன்னம் உப்ப மூச்சை அடக்கியிருந்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் உதடு அசைந்தது, இன்னாசியின் காதோரம்.

"மச்சான்... நான் இன்னும் மேல வரல."

இன்னாசியின் கை நழுவியது.

"பேசுனாருல்ல!" அற்புதம்மாள் ஓடிவந்தாள். "என்னண்ணே சொன்னாரு? என்னையவா கேட்டாரு?"

அவள் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத வெளிச்சம். 'ஆமாத்தா' என்று ஒரு பொய் சொல்லலாம். இன்னாசி வாயைத் திறந்தான். நாக்கு உப்புக் கரித்தது.

"கயித்த ரெண்டு தடவ இழுத்தான்யா," என்றான் டாக்டரிடம். தங்கையின் பக்கம் திரும்பவில்லை. "நான் தூக்கல. பக்கத்து வள்ளத்து ஆளுகளுக்கு ஒரு கதை சொல்லிக்கிட்டிருந்தேன். உபதேசியார் வீட்டு ஆட்டுக்கெடா கதை. நல்ல கட்டம். முடிச்சிட்டுத் தூக்குவோம்னு இருந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"எல்லாரும் சிரிச்சு ஓயுற வரைக்கும்."

அற்புதம்மாள் அழவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

"நல்லாச் சிரிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் ஜட்காவைத் திருப்பி அனுப்பச் சொன்னார். சங்கிலி வேண்டாம், மூளை காற்றுக்குத் தவித்திருக்கிறது, முடிந்தவரை பார்க்கலாம் என்றார். இன்னாசிக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்கு வருகிற சொகுசு. அது ஒரு நிமிஷம் நீடித்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சூசைமுத்துவின் நெஞ்சில் வைத்தார். புருவம் சுருங்கியது. குழாயை உதறினார். காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

வார்டில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

"உள்ள," என்றார் மெல்ல, "யாரு சிரிக்கிறது?"

அவர் குழாயைக் காதிலிருந்து கழற்றி இன்னாசியிடம் நீட்டினார்.

இன்னாசி மாட்டிக்கொண்டான்.

முதலில் தண்ணீர். கனமான, பச்சை நிறத்துத் தண்ணீரின் இரைச்சல். அதற்குள் எங்கோ இதயம் மெதுவாக, மிக மெதுவாக இடித்தது. அதற்கும் மேலே, பல ஆள் உயரத்தில், வள்ளத்துப் பலகையைத் தட்டித் தட்டி ஆட்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியது. ஒரு குரல் மட்டும் கேட்டது. அது இன்னாசியின் குரல்.

"பொறுங்கலே, கதை இன்னும் கெடக்கு."