பழகிய வலிக்கு முப்பத்தொன்று

“முப்பத்தொண்ணு” என்றான் நோய் மதிப்பீட்டாளன் கிருத்திக், கழுத்திலிருந்து பெறுபட்டையைக் கழற்றியபடி. ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளையிடம் சொல்வதுபோல் முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

எதிரில் உட்கார்ந்திருந்த தன்ஷிகாவின் பிடரியில் தருபட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய உடம்பு படும் பாட்டை எல்லாம் பத்து நிமிடம் அவனுடைய உடம்புக்கு அனுப்பிவிட்டு, அது இப்போது சும்மா குளிர்ந்து கிடந்தது.

“போன வருஷம் நாப்பத்திரண்டு வந்துச்சுங்களே?”

“அப்ப நாப்பத்திரண்டு, இப்ப முப்பத்தொண்ணுங்க. உடம்பு நல்லாத் தேறியிருக்குதுன்னு அர்த்தம். சந்தோஷப்படுங்க மேடம்.”

நாற்பது வந்தால் ஓய்வட்டை. ஓய்வட்டை இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேர வேலை, உட்கார ஒரு நாற்காலி. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் எல்லோரையும்போல எட்டு மணி நேரம், நின்றுகொண்டு. தன்ஷிகாவுக்கு ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தரம் பார்க்கும் வேலை. மூட்டை மூட்டையாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவளுடைய முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் ஏற்கெனவே நொறுங்கி உட்கார்ந்துவிட்டன. மூன்றாவது காத்துக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேரம் நின்றால் அது காத்திருக்காது என்று மருத்துவர் படத்தைக் காட்டியே சொல்லியிருந்தார்.

“இது தேர்ற நோவு இல்லீங்க தம்பி” என்றாள் தன்ஷிகா.

உண்மைதான். மைலோமா என்பது எலும்பு மஜ்ஜைக்குள் குடியிருக்கும் ரத்தப் புற்று. மருந்து கொடுத்தால் படுத்துக்கொள்ளும், நிறுத்தினால் எழுந்துகொள்ளும், வீட்டைக் காலி மட்டும் செய்யாது. அவளுக்கு முப்பத்தேழு வயதில் வந்தது, இப்போது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி. செவ்வாய்தோறும் ஸ்டீராய்டு மாத்திரை. பாதத்தில் எப்போதும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு மதமதப்பு. படுத்தாலும் போகாத அசதி. முன்பெல்லாம் இந்த நோயில் ஏழெட்டு வருடம் ஓட்டினாலே பெரிது என்பார்கள். இப்போது இருபது வருடம் ஓட்டலாம். ஓட்டுவது யார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பகிர்வி வந்த பிறகு கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. தருபட்டையும் பெறுபட்டையும் சேர்ந்ததுதான் பகிர்வி; ஒருவருடைய மூளை எதை உணர்கிறதோ அதை அப்படியே இன்னொருவருக்குக் கடத்தும் கருவி. பொய் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பெருமை. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பிள்ளைகளைத் தாய்மார்கள் அதை வைத்துத்தான் பிடித்தார்கள். பல் மருத்துவர்கள் வைத்திருந்தார்கள். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் போதாதென்று பெறுபட்டையும் கொண்டுவந்தார்கள். “ரெண்டு நிமிசம் குடு கண்ணு, பார்க்கலாம்” என்று கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, “அட, இவ்வளவுதானா! நான் என்னமோன்னு நெனச்சேன்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆறுதலைக் கேட்டுக் கேட்டுத் தன்ஷிகாவுக்கு ஆப்பிளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“எனக்கு முன்னாடி ஒருத்தர் போனாருங்களே, கால் சுளுக்குன்னு. அவருக்கு எவ்வளவு?”

“அம்பத்தெட்டு.”

“சுளுக்குக்கா?”

“அவர் துடிச்சுப்போயிட்டாருங்க மேடம். மூணு நாளாத் தூக்கமில்ல. நீங்க எதை உணர்றீங்களோ அதுதான் எனக்கு வரும். நீங்களே பெருசா உணரலேன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது.

பதினான்கு வருடமாக அவள் செய்தது இந்த ஒரு வேலையைத்தான். குளிக்கும்போது, பேருந்து ஏறும்போது, மகளின் கல்யாணப் பந்தியில் நிற்கும்போது, அந்த வலியைப் பிடித்து அமுக்கி, மடித்து, கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைக்கக் கற்றுக்கொண்டாள். கற்றிருக்காவிட்டால் மூன்றாவது வருடமே கிணற்றைத் தேடியிருப்பாள். யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் “பரவாயில்லை” என்று சொல்லப் பழகினாள். சொல்லிச் சொல்லி மூளையும் நம்பிவிட்டது. இப்போது இந்தக் கருவி மூளையிடம் போய்க் கேட்கிறது. மூளையும் பரவாயில்லை என்கிறது. மூன்று நாள் சுளுக்குக்காரனுக்கு நாற்காலி, பதினான்கு வருடக்காரிக்கு நின்றுகொண்டு வேலை!

“தம்பி, மண்டியில தரம் பார்க்கறவ நான். விக்கறவன் மூட்டை வாயில நல்ல விரலி மஞ்சளாப் பரப்பி வெச்சிருப்பான். அதைப் பார்த்து வெலை வெச்சா என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க. குத்தூசியை அடி வரைக்கும் விட்டு எடுக்கோணும். நீங்க வாயில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துட்டு மூட்டைக்கே நம்பர் போடறீங்க.”

“சத்தம் போடாதீங்க மேடம். இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, மாத்திரை நாள். பதிவேட்டுலயே இருக்குது. அதான் கோபம் வருது.”

வீட்டில் கணவன் பிரணவும் இதையேதான் சொல்வான். மருந்து பேசுது, நீ பேசலை என்பான். நோய் அவளுடையது, முதுகு அவளுடையது, கோபம் மட்டும் மாத்திரைக் கம்பெனியுடையதா?

“மேல்முறையீடு இருக்குதுங்களா?” என்றாள்.

இருந்தது. யாரும் இதுவரை கேட்காத ஒன்று. முழுச்சுற்று மேல்முறையீடு. நோயாளியின் ஒரு மருந்துச் சுற்று முழுவதும், அதாவது இருபத்தெட்டு நாளும், எங்கே இருந்தாலும் நோயாளி தருபட்டையையும் மதிப்பீட்டாளர் பெறுபட்டையையும் அணிந்தே இருக்க வேண்டும். கடைசி நாளில் மைய எந்திரம் மதிப்பீட்டாளரின் மூளையைப் படித்து எண் போடும். அந்த எண்ணே முடிவு. மூளையைக் கேட்காமல் தண்டுவடத்திலிருந்தே நேரடியாக உணர்வை எடுக்கும் ஏற்பாடும் உண்டு. நினைவிழந்து கிடப்பவர்களுக்காக வைத்தது.

“அதுலயே எடுங்க. அடிமூட்டையில” என்றாள்.

கிருத்திக் சிரித்தான். “ஆறு வருஷத்துல பதினோராயிரம் பேர் நோயைப் பார்த்தவன் மேடம் நான். பிரசவ வலி மட்டும் நானூறு. உங்க திருப்திக்குப் போட்டுக்கறேன்.”

முதல் நாள் அலுவலக மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். மூன்றாம் நாள் தன்ஷிகாவைக் கூப்பிட்டான். குரல் ஒடுங்கியிருந்தது.

“அக்கா, இதை வெச்சுக்கிட்டு நீங்க எப்படிங்க பல்லு வெளக்கறீங்க?”

மேடம் அக்காவாகி இருந்தாள். தன்ஷிகாவுக்கு இரக்கம் வரவில்லை. “கையாலதான்” என்றாள்.

“தொண்ணூத்தஞ்சுங்கக்கா. சத்தியமாச் சொல்றேன். என் பாப்பாவத் தூக்க முடியலைங்க. நாலு வயசுப் புள்ள, தூக்கச் சொல்லி அழுகுது. இப்பவே எழுதித் தர்றேன்னா மேல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இருபத்தெட்டாம் நாள்தான் எண்ணுவாங்களாம்.”

“அப்ப இருபத்தெட்டு நாளும் இருங்க.”

போனை வைத்த பிறகு ரொம்ப நாள் கழித்து அவளுக்கு நெஞ்சு லேசானது. ஒரு மனிதனுக்காவது தெரிந்துவிட்டது. தொண்ணூற்றைந்து! பிரணவிடம் அந்த எண்ணை இரண்டு தடவை சொன்னாள்.

ஏழாம் நாள் கூப்பிட்டு அழுதான். செவ்வாய்க்கிழமைகளில் தண்டுவடம் வழியே மாத்திரையின் படபடப்பும் சேர்ந்து வர, அலுவலகத்தில் அத்தனை பேரோடும் சண்டை போட்டான். பத்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் கூப்பிட்டான். பதினைந்தாம் நாள் கூப்பிட்டபோது பேச்சு பாதியில் பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

இருபதாம் நாள் வரை தன்ஷிகா பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள்.

“எப்படி இருக்கீங்க தம்பி?”

“பரவாயில்லைங்கக்கா” என்றான் கிருத்திக்.

தன்ஷிகா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தச் சொல் எங்கே விளையும், எப்படி விளையும் என்று அவளுக்குத் தெரியாததா?

“அந்த வார்த்தைய சொல்லாதீங்க!” என்று கத்தினாள். “வலிக்குதா இல்லையா? சொல்லுங்க!”

“இருக்குதுங்க... இல்லாம இல்ல. ஒரு ஓரமாக் கெடக்குது. காலைல ஒருக்களிச்சு எந்திரிக்கணும்னு கண்டுபிடிச்சுட்டேன். பாப்பாவ உக்காந்துக்கிட்டே மடில வாங்கிக்கறேன்.”

ஒருக்களித்து எழுந்திருப்பது அவளுக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. இளவட்டம், சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டான்.

“தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. இன்னும் எட்டு நாளைக்கு அதை ஓரமா வெக்காதீங்க. நடு வீட்டுல வெச்சுப் பாருங்க. எதுவும் பழகாதீங்க. சிரிக்காதீங்க. பாப்பாகூட வெளையாடாதீங்க.”

“எட்டு நாள் அப்படி இருக்க முடியுங்களாக்கா?”

முடியாது. அது அவளுக்கும் தெரியும். அப்படி இருக்க முடிகிற மனிதன் எவனும் இன்னும் பிறக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு மைய எந்திரத்தின் முன்னால் கிருத்திக்கை உட்கார வைத்தார்கள். தன்ஷிகா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவன் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, வலியைக் கூப்பிட்டுப் பார்த்தான். தினமும் விரட்டியடித்த விருந்தாளியை இன்று வா வா என்றால் வருமா? திரையில் எண் விழுந்தது.

இருபத்தொன்பது.

“இல்ல! தப்பு! தொண்ணூத்தஞ்சுன்னு நான் சொல்றேன். போட்டிருக்கற நான் சொல்றேன்!” கிருத்திக் மேஜையில் அறைந்தான். எந்திரம் அதையும் படித்தது. எண்ணுக்குக் கீழே ஒரு வரி வந்தது. ‘கோபம்: மருந்தின் விளைவு. கணக்கில் சேர்க்கப்படவில்லை.’ அன்றைக்கு வியாழக்கிழமை.

அப்புறம் பட்டையைக் கழற்றினார்கள்.

கிருத்திக் எழுந்து நின்றான். நின்ற வேகத்தில் தடுமாறினான். இவ்வளவு லேசாக எழுந்திருக்க முடியும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தான். குனிந்து தரையைத் தொட்டான். ஒரு தடவை குதித்தும் பார்த்தான். அவன் முகத்தில் பொங்கிய சந்தோஷத்தைப் பார்த்தபோது தன்ஷிகாவுக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் யார்மீதும் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

பிறகு அவனே அவளைப் பார்த்தான். குதிப்பது நின்றது.

“இத்தனையும் இருந்துச்சுங்களாக்கா?” என்றான். “நான் இல்லேன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!” எந்திரத்தின் பக்கம் திரும்பினான். “இப்பக் கேளு! கழட்டினதுக்கப்புறம் கேளு! இப்ப தெரியுது எவ்வளவுன்னு!”

எந்திரம் அணைந்துவிட்டிருந்தது.

“எனக்குக் கழட்ட முடியாதுங்க தம்பி” என்றாள் தன்ஷிகா. “அதனால எனக்குத் தெரியவே போறதில்ல.”

கிருத்திக் நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பினான். மூன்று வாரத்தில் தலைமையகத்திலிருந்து எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. அதை அவனே கொண்டுவந்து தன்ஷிகாவின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

‘ஈரோடு மேல்முறையீட்டில் நோயாளியும் மதிப்பீட்டாளரும் தனித்தனியே ஏறத்தாழ ஒரே எண்ணை எட்டியுள்ளனர். எனவே பகிர்வியின் துல்லியம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மேலும், நாட்பட்ட நோய் எதுவாயினும் இருபத்தெட்டு நாள்களில் தாங்கத்தக்க அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது இதனால் தெரியவந்துள்ளது. ஆகவே இனி வழங்கப்படும் ஓய்வட்டைகள் அனைத்தும் இருபத்தெட்டு நாள்களுக்கு மட்டுமே செல்லும்.’

அவள் ஒருத்தியின் நாற்காலி போகாமல் இருக்கப் போட்ட சண்டை. நாட்டில் உள்ள எல்லா நோயாளிகளின் நாற்காலியையும் அது பிடுங்கிக்கொண்டது.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள், குத்தலாகத்தான்.

“முதுகு கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்குதுங்கக்கா. அந்த இருபத்தெட்டு நாள்ல ஒரு நரம்பு கெட்டிருக்குமாம், இனிப் போகாதாம். ஓய்வட்டைக்கு எழுதிப் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர்தான் போட்டுப் பார்த்தாரு.” அவன் எண்ணைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தன்ஷிகா மண்டிக்குள் நுழைந்தாள். அவளுடைய நாற்காலி இருந்த இடத்தில் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். குத்தூசியை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்கு நடந்தாள். மேற்பார்வையாளர் ருத்ரேஷ் நல்ல மனிதர். எதிரே வந்து தினமும் கேட்பதுபோலவே கேட்டார்.

“எப்படிங்கக்கா இருக்கீங்க?”

அந்தச் சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தன்ஷிகா அதைக் கடித்து விழுங்கினாள்.

“மோசமா இருக்கு” என்றாள்.

ருத்ரேஷ் கையிலிருந்த வருகைப் பலகையைப் பார்த்தார். “இருபத்தொம்பதுன்னுதானுங்களே போட்டிருக்குது?”

“மோசமா இருக்கு!” இந்தத் தடவை மண்டியே திரும்பிப் பார்த்தது. “பதினாலு வருஷமா ஒவ்வொரு நாளும் மோசமா இருக்கு!”

ருத்ரேஷ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தார். மனசாரத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை.

“இப்பத்தானுங்கக்கா எட்டு மணி நேரம் ஆரம்பிக்கறீங்க. கொஞ்ச நாள் போனாப் பழகிடும்.”

பழகிவிடும் என்று அவளுக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.