சூடு ஆறாத பாத்திரம்

கார் ஷெட்டின் கதவைத் தூக்கினாள் வெர்னா.

உள்ளே அவள் கணவன் ஹார்லன் குப்புறக் கிடந்தான். தலைக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பேனர். ரத்தம் கறுத்து உறைந்திருந்தது.

அவள் அலறவில்லை.

மளிகைப் பையைச் சமையலறையில் இறக்கினாள். பாலை ஃப்ரிட்ஜில் வைத்தாள். அப்புறம் போலீசுக்குப் போன் செய்தாள்.

மணி நாலு.

நாலே காலுக்கு டிடெக்டிவ் க்ரெப்ஸ் வந்தார். முந்தின வருஷம் வரை அந்த இடம் உருளைக்கிழங்கு வயல். இப்போது ஒரே அச்சில் வார்த்த இருநூறு வீடுகள். மனிதர் இரண்டு தப்பான கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்து சேர்ந்தார்.

"உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மூணு மணிக்கு எங்க இருந்தீங்க மேடம்?"

"கடையில."

"யாராவது பார்த்தாங்களா?"

"தெரியலை."

"புருஷன் செத்துக் கிடக்கார். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பாலை மட்டும் பத்திரமா எடுத்து வச்சிருக்கீங்க..."

"கெட்டுப்போயிடும் சார்."

க்ரெப்ஸ் விலங்கை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அழுதால் தப்பிக்கலாம் என்று வெர்னாவுக்கும் தெரிந்தது. வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

வாசலில் பக்கத்து வீட்டு டோரீன். கையில், துணி சுற்றிய கண்ணாடிப் பாத்திரம். நூடுல்ஸும் மீனும் கலந்து ஓவன் அடுப்பில் வேகவைத்தது. இந்தத் தெருவில் சாவு விழுந்தால் பூவுக்கு முன்னால் இதுதான் வரும்.

"வாசல்ல போலீஸ்காரர் சொன்னார்டி. ஓடி வந்தேன்... ஒரு வாய் சாப்பிடு."

வெர்னா வாங்கினாள். மரத்துப்போன கைக்கும் சுட்டது.

"இது வேக எவ்வளவு நேரம் டோரீன்?"

"ஒரு மணி நேரம்..."

"போலீஸ் வந்தே பத்து நிமிஷம்தான் ஆச்சு."

"அது... ராத்திரிக்கு எனக்குன்னு செஞ்சது."

வெர்னா பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். வெள்ளை டேப்பில் டோரீனின் பெயர். சூட்டில் டேப் பழுப்பேறியிருந்தது.

"நேத்து உன் பிறந்தநாளுக்கு நான் குடுத்த பாத்திரம். தனக்குச் சமைக்கிறவ அடியில பேர் ஒட்டுவாளா? இழவு வீட்டுலேர்ந்து திரும்பி வரணும்னுதானே ஒட்டுவோம். நீ அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கே."

டோரீன் நாற்காலியில் சரிந்தாள்.

"உன்னை விட்டுட்டு என்கூட வர்றேன்னார். இன்னிக்கு மாட்டேன்னுட்டார்... அடிச்சிட்டேன். வீட்டுக்குப் போனேன். சாவுன்னதும் கை தானா அடுப்பைப் பத்த வச்சிருச்சு. எங்க விஷயம் உனக்கு..."

"தெரியும். அழ வேண்டியதையெல்லாம் போன கோடையிலேயே அழுது தீர்த்துட்டேன்."

க்ரெப்ஸ் தொண்டையைக் கனைத்தார். "பாத்திரம் சாட்சி. நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க சார். ஆனா பாத்திரம் குடுத்தவங்களை வெறுங்கையோட அனுப்பற வழக்கம் எங்க தெருவுல கிடையாது."

வெர்னா மேஜை மேலிருந்த விலங்கை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை அவளுக்குக் குடுத்துடுங்க."