இடவழிக் கம்பம்

அடுக்களைச் சன்னலில் வெளிச்சம் விழுந்தபோது லேகா பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் குறுகலான இடவழியின் முனையில் பத்து நாளுக்கு முன்பு நட்ட தெருவிளக்கு வழியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இப்போது அது அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து ஓவர்சியரான அவளே கையெழுத்திட்டு நிறுத்திய கம்பம் அது. நெய்யாற்றின்கரையில் டியூஷன் முடிந்து ஆறரை மணி இருட்டில் தனியாக நடந்து வரும் மகள் ஆர்யாவுக்காகவே அவசரப்படுத்தி வாங்கிய விளக்கு. செங்கல் சூளைக்குக் களிமண் தோண்டிய குழியைத் தூர்த்த இடம். அதனால் கான்கிரீட்டுக்குப் பதிலாக, திருகாணி போல் சுருள் தகடு வைத்த இரும்புத் தண்டுகளை மெஷினால் மண்ணுக்குள் திருகி இறக்கி, அதன்மேல் கம்பத்தை நிறுத்தினார்கள். ஆழம் போகப் போக மண் இறுகிப் பிடிக்கும், மீட்டர் முள் ஏறும். அன்று மூன்று தண்டு இணைத்தும் முள் அசையவில்லை. தோசை மாவில் கரண்டி இறங்குவது போல் இறங்கிக்கொண்டே போனது.

"இன்னும் ஒண்ணு கூட்டணும் அக்கா, அடியில ஒண்ணும் பிடிக்கல்ல" என்றான் மெஷின் ஓட்டிய ஜித்தின். இன்னொரு தண்டு வர ஒரு வாரமாகும். லேகா படிவத்தில் மீட்டர் காட்டியிருக்க வேண்டிய எண்ணைத் தானே எழுதிவிட்டாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். மழை விட்ட அந்தியில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. கம்பத்தை நெருங்க நெருங்க, வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தது போன்ற குளிர்ந்த சேற்று வாடை ஏறி வந்தது. அவள் மார்புயரத்தில் எழுதவைத்த கம்ப எண் இப்போது முழங்காலருகே இருந்தது.

கம்பம் திரும்பி இறங்கியிருப்பதைச் சொன்னதும் போனில் ஜித்தின் சிரித்தான். "மெஷின் இல்லாம அது கறங்காதாக்கும் அக்கா. கறங்கினாத்தானே கீழ போவும்?" சிரிப்பு நின்றது. "அடியில இருந்து ஆராவது பிடிச்சுத் திருகினாத்தான் உண்டு. அக்கா, பக்கத்தில நிக்க வேண்டாம்."

கிர்ர்ர்.

விளக்கு ஒரு விரற்கடை நகர்ந்தது. லேகாவின் கால்கள் அவளைக் கேட்காமலே வீட்டுக்கு ஓடின. கதவைத் தாழிட்ட பிறகுதான் மகள் நினைவு வந்தது. உடனே அழைத்தாள்.

"மக்கா, இடவழியா வராத. ரோட்டோட சுத்தி வா."

"நான் வந்தாச்சே அம்மா. விளக்குக்குக் கீழதான் நிக்கேன்."

"அங்கேருந்து மாறு! ஓடி வா!"

"கால் வரமாட்டேங்குது."

தாழ்ப்பாள் வழுக்கியது. திறக்கவில்லை. சன்னலுக்கு ஓடினாள்.

விளக்கடியில் ஆர்யா. கம்பத்தை இரு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். அவள் முகம். முதுகு. முகம். முதுகு. ஒவ்வொரு சுற்றுக்கும் புத்தகப்பை தரைக்கு இன்னும் அருகே.

"ஆர்யா! விடு! கையை விடு மக்கா!"

போனில் குரல் அமைதியாக வந்தது.

"பயப்படாத அம்மா. அடியில நல்ல வெளிச்சம் உண்டு."

முகம். முதுகு. முகம்.

பிறகு தலைமுடி மட்டும்.

பிறகு, கம்பத்தைக் கட்டிய இரண்டு கைகள். சுற்றிக்கொண்டே இருந்தன.