கெட்டிலைத் தொடாதே, கண்ணே!

மடேர்!

சிங்க்கின் விளிம்பில் அவள் மண்டை மோதியது. அவன் விடவில்லை. கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இன்னொரு தடவை...

மடேர்!

ரத்தம் ஜன்னல் கண்ணாடி வரை தெறித்தது. மனைவி துணிமூட்டை மாதிரி தரையில் சரிந்தாள். மூச்சு நின்றுவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

அவன்... சோபாக் கடை முதலாளி. கல்யாணமான நாளிலிருந்து சமையலறைக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வந்த லட்சணத்தைப் பாருங்கள்!

தரையெல்லாம் தண்ணீரை இறைத்தான். எலெக்ட்ரிக் கெட்டிலைத் தூக்கி வந்து அவள் கையில் திணித்தான். சுவரில் ஸ்விட்சைப் போட்டான். அப்புறம் தெருவே அதிர அலறினான்.

"ஐயோ! என் பொண்டாட்டிக்கு ஷாக் அடிச்சிருச்சே!"

ஆம்புலன்ஸ் அவளை அள்ளிக்கொண்டு போனதும் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பெண் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே ஏட்டு.

"நீங்க ஆம்புலன்ஸ்ல போகலையா சார்?"

"ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும் மேடம்!"

"அப்படியா... எப்படி நடந்துச்சு?"

"கெட்டிலைக் கழுவிட்டிருந்தா. ஷாக் அடிச்சுத் தூக்கி எறிஞ்சு, மண்டை சிங்க்ல மோதிருச்சு. ப்ளக்கைப் பிடுங்காம கழுவாதேடின்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்!"

இன்ஸ்பெக்டர் கெட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வயர் எங்க சார்?"

அவன் பார்த்தான். வயர் இல்லை!

"வயர் மேடையில இருக்கிற அந்தத் தட்டுல இருக்கு. அதுமேல வச்சாத்தான் கரண்ட். கையில தூக்கிட்டா இது வெறும் சொம்பு! தட்டுல சொட்டு ஈரம்கூட இல்ல. அப்போ ஷாக் எங்கேருந்து வந்துச்சு? ஆயிரம் தடவை சொன்னவருக்கு இது தெரியாதா?"

அவன் கை மேடையில் கிடந்த காய்கறிக் கத்தியை எடுத்தது. பாய்ந்தான்!

இன்ஸ்பெக்டர் விலகினார். ஏட்டின் லத்தி அவன் மணிக்கட்டில் இறங்கியது.

க்ரக்!

கத்தி தெறித்தது. ஏட்டின் முழங்கால் அவன் முதுகில் ஏறி அழுத்தியது.

"பொண்டாட்டியை ஏன்யா அடிச்சே?" இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டார்.

"அவதான் என்னைக் கொல்லப் பார்த்தா! டீயில வெள்ளை வெள்ளையா விஷம் மிதந்துச்சு! கேட்டா, 'ஒண்ணும் பண்ணாது, குடிங்க'ன்னு சிரிக்கிறா!"

இன்ஸ்பெக்டர் கெட்டிலின் மூடியைத் திறந்தார். அடியெல்லாம் வெள்ளைச் செதில். ஒன்றை ஸ்பூனில் எடுத்து, அலமாரியில் இருந்த வினிகரை விட்டார். நுரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"விஷம் இல்லடா பாவி! தண்ணியில இருக்கிற உப்பு, கொதிச்சுக் கொதிச்சுப் படிஞ்சிருக்கு. வினிகரும் தண்ணியும் ஊத்திக் கொதிக்க வச்சு, ஆறினதும் நல்லா அலசினா போயிடும். இதுக்கா அந்தப் பொண்ணு மண்டையை உடைச்சே?"

இன்ஸ்பெக்டர் ஸ்பூனை மேடையில் ஓங்கி வைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் செல்போனுக்கு அழைப்பு வந்தது. கேட்டவர் முகம் மலர்ந்தது.

"உன் பொண்டாட்டி கண்ணு முழிச்சுட்டாங்க. பிழைச்சுக்குவாங்களாம். யார் அடிச்சதுன்னும் சொல்லிட்டாங்க!"

அவன் கையில் விலங்கு ஏறியது.

ஏட்டு கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஒரே அழுக்கா இருக்கு மேடம். அந்த வினிகரை ஊத்திக் கழுவி எடுத்துட்டு வரட்டுமா?"

"கையை எடுங்க ஏட்டு! அழுக்கா இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சாட்சி கோர்ட்டுல வாயைத் திறக்கும்!"