நீறாத கிளிஞ்சல்

சூளை ஆறவில்லை. திருநீற்றுப் புதன் மாலைக்குள் ஆறியிருக்க வேண்டும். அடைக்கலராஜ் கிளறிக் கிளறிப் பார்த்தான். நடுவிலிருந்து அனல், யாரோ மூச்சு விடுவது போல, விட்டு விட்டு வந்தது. அதில் கடல் வாசனை இருந்தது, அதற்கடியில் தம்பி அருண் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனையும் இருந்தது.

கிளிஞ்சலைச் சுட்டால் மட்டும் சுண்ணாம்பாகிவிடாது. வெந்து வெளுத்தாலும் வரி மாறாமல் அதே உருவத்தில் கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் கொதித்து உடைந்து மாவாகும். அதுதான் நீற்றுதல். விழுகிற மாவு நீறு. நெற்றியில் இடுகிற சாம்பலுக்கும் அந்தப் பேர் இங்கிருந்துதான் போனது என்பார்கள் சூளைக்காரர்கள். நீறாதது எதுவும் ஒழிந்ததாகாது என்றும் சொல்வார்கள்.

சூளை மனையை விற்கச் சொன்ன அருணைக் கடப்பாரையால் மண்டையில் அடித்து, அடங்காமல் மறுபடி அடித்து, கிளிஞ்சலுக்கும் கரிக்கும் நடுவே கிடத்திக் கொளுத்தியபோது அந்தச் சொல் அவனுக்கு நினைவில்லை. இப்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டது. வெள்ளைக் கை. ஐந்து விரலும் முழுசாக.

"மாமா."

பதறி அதை மூடினான். அருணின் மனைவி சகாய பிரியா. பூசை முடிந்து நேரே வந்திருந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை.

"நீங்க சொன்ன கூட்டேரிப்பட்டுக்கும் அவரு போவலையாம். நாளைக்கு போலீசுக்குப் போறேன்."

"குடிச்சிட்டு எங்கனா கெடப்பான். வூட்டுக்குப் போம்மா."

"அவரா? சோடா குடிச்சாவே மூக்கு எரியுதும்பாரு." அவள் சூளையோரத்துத் தண்ணீர் வாளியை எடுத்தாள். "இத ஏன் இன்னும் நீத்தாம வெச்சிக்கினு இருக்கீங்க?"

தடுக்கக் கை நீட்டினான். பிறகு நினைத்தான்: ஊற்றட்டும். அவள் கையாலேயே ஒழியட்டும்.

ஊற்றினாள். குவியல் சீறியது, கொதித்தது, பிளந்தது. கிளிஞ்சல்கள் படபடவென்று வெடித்து மாவாக உதிர்ந்தன. ஆவி. கண்ணெரிச்சல்.

ஒன்று மட்டும் உதிரவில்லை.

எழுந்தது. தோள். தாடை. பிளந்த மண்டை.

ஓடத் திரும்பினான். பிடரியில் பிடி. கறி வேகும் சத்தம். அவனுடைய கறி. வெள்ளைக் கட்டைவிரல் அவன் நெற்றியில் பதிந்தது. மேலிருந்து கீழே, மெல்ல. தோல் சுருண்டது. பிறகு குறுக்கே. எலும்பு வரை.

பிரியா மறுபடி வாளியை நிரப்பிக்கொண்டு அவனை நோக்கி வந்தாள்.

"இன்னும் நீறலைங்க மாமா."