லென்ஸ் வைத்துப் பார்க்கட்டுமே...

"யோவ்! கண்ண எங்க வெச்சிக்கினு வண்டி ஓட்டுற?"

பொன்னேரி பஸ் நிலைய வாசல் பள்ளத்தில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் அத்தனையும் இப்போது கல்பனாவின் நீலப் புடவையில். பைக்கில் வந்தவன் பதறி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அய்யோ... அந்தக் கண்கள்!

நனைந்த இமைகளுக்குள் அதே குறும்பு. பத்து வருடத்துக்கு முன் அவள் தூக்கத்தைக் கெடுத்த அதே அன்புச்செல்வன்.

"கல்பனா... நீயா? திட்டுறது மட்டும் மாறவேயில்ல!"

"நீங்க மட்டும் இன்னா மாறிட்டீங்க? அன்னிக்கும் என் உசுர வாங்குனீங்க, இன்னிக்கும் வாங்குறீங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

அது ஒரு காலம்... கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி. வார்த்து வரும் பீஸ்களைச் சோதிப்பது அவள் வேலை. சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டை கட்டி மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். கல்பனாவோ நேரே கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாள். மறுசோதனை பார்க்கும் அன்பு அதைத் தேடியெடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "நல்ல பீஸும்மா இது" என்று அவள் மேசைக்கே வந்து வம்புக்கு நிற்பான். ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பான். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவேயில்லை. அப்பா பார்த்த மாப்பிள்ளைக்கு அவள் கழுத்தை நீட்டினாள். ஆறே வருடத்தில் அந்தக் கணவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

"திருவள்ளூர்... திருவள்ளூர்!" கண்டக்டர் கூவினார். அவள் ஏற வேண்டிய பஸ்தான்; இரண்டடி வைத்து நின்றுவிட்டாள்.

"ஏறலியா?"

"ஊட்டுக்கே போறேன்."

"இன்னா ஆச்சு கல்பனா?"

யாரிடமும் சொல்லாததை மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இப்போது அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் பெண்களுக்கு முகாம் நடத்தி, கர்ப்பப்பை வாயில் பரிசோதனை செய்தார்கள். அங்குள்ள செல்களில் ஏதோ மாற்றம் தெரிகிறதாம். திருவள்ளூரில் கால்போஸ்கோபி பார்க்க இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாதவிலக்கு முடிந்த பிறகு வா, இரண்டு நாள் உள்ளே மருந்து எதுவும் வைக்காதே, சாப்பிட்டுவிட்டு வா... எல்லாம் சொன்னபடியே செய்தாள். பஸ்ஸில் ஏறத்தான் கால் வரவில்லை.

"கேன்சர்னா சொன்னாங்க?"

"இல்ல... உள்ள லென்ஸ் வெச்சுப் பாக்கணும்னாங்க."

"அதான பாத்தேன்! அவங்க மஞ்ச அட்ட தான கட்டிக்கிறாங்க? நீயா எதுக்கு செவப்புத் தொட்டில போய் குந்திக்கின?"

அழுகையோடு சிரிப்பும் முட்டியது. பாவி... இதை மறக்கவேயில்லையா?

"பாக்கட்டும் கல்பனா. ஏதாவது இருந்தாலும் சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் பாத்துக்கலாம். நானும் வரேன்."

சட்டென்று அவள் முகம் இறுகியது. "வேணாம். பாவம் பாத்து எனக்கு யாரும் தொணைக்கு வர வேணாம்."

"பாவமா?" அவன் கண் கலங்கியது. "நீ தனியா இருக்கேன்னு கேள்விப்பட்டும் ஊட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனவன் நான். வேற யாரையும் கட்டிக்கவும் முடியல. ரிசல்ட் எப்படி வந்தாலும் எனக்கு நீ வேணும். இப்பக்கூட சொல்லலன்னா நான் மனுசனேயில்ல."

இதற்காகத்தானே காத்திருந்தாள்... எத்தனை மழைக்காலம்!

அவள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவன் மூச்சிரைக்க வந்ததும் பையை எடுத்தாள்.

வயல்கள் நனைந்து ஓடின. ஜன்னலைப் பார்த்தபடி அவள் மெல்லச் சொன்னாள். "அதெல்லாம் நல்ல பீஸுன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் கழிவுல போட்ட?"

"போட்டாதான... நீங்க என் மேசைக்கு வருவீங்க."

அன்பு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். நர்ஸ் அன்புவைப் பார்த்தார். "கூட வந்தவரு யாரும்மா? சொந்தமா?"

கல்பனா ஒருமுறை திரும்பி அவன் கண்களைப் பார்த்தாள்.

"கட்டிக்கப் போறவரு சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.