கைமாற்றாய்க் கொடுத்த இடம்

நேற்றுவரை நிரம்பி வழிந்த தரவுக் கிடங்கில் இன்று காலை இடம் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

தரவு சேமிக்கும் புது வட்டுகள் செய்வது நின்று வருஷக்கணக்காகிறது. ஒருவர் கல்யாண வீடியோவைச் சேமிக்க, இன்னொருவர் கல்யாணத்தை அழித்தாக வேண்டும். அழிப்பதுதான் அவள் வேலை. ஆரம்பத்தில் அழுதிருக்கிறாள், இப்போது அரிசியில் கல் பொறுக்குவது போல அழிப்பாள். சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் விசிறிகளின் ஓயாத இரைச்சலும் மண்டைக்குள் குடியேறியிருந்தன. இன்று அந்த இரைச்சலுக்கு அடியில், பக்கத்து அறையில் யாரோ தணிந்த குரலில் பேசுவது போலவும் கேட்டது. அசதி என்று விட்டுவிட்டாள்.

"இவ்வளவு இடம் யாரு சார் கொடுத்தது?"

"கெடைச்சவரைக்கும் லாபம்னு இரும்மா. சும்மா நோண்டாதே," என்றார் மேலாளர்.

சாயங்காலம் வரை நோண்டினாள். நெருக்கடியான நாட்களில் ஊழியர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் கொஞ்சம் இடத்தைக் கிடங்குக்குக் கொடுப்பார்கள். அதற்குக் கைமாற்று என்று பெயர். போன வாரம் அவளும் கொடுத்தாள். எந்தக் கணினி என்று குறிக்கச் சோம்பல்பட்டு, 'வீட்டில் உள்ள அனைத்தும்' என்பதை அழுத்தித் தொலைத்திருந்தாள். இன்று வந்த இடமெல்லாம் அவள் வீட்டிலிருந்துதான். ஆனால் வீட்டுக் கணினி பழுதாகி, நேற்றே கடைக்குப் போய்விட்டது.

அப்படியென்றால் எதில் எழுதுகிறது?

கைமாற்றை ரத்து செய்யப் பார்த்தாள். முடியவில்லை. வீட்டுக்காரருக்கு போன் போட்டாள்.

"பாப்பா ஸ்கூல்லேருந்து வந்தாச்சா?"

"எந்தப் பாப்பா?"

"விளையாடாதீங்க. நம்ம பாப்பா."

"இங்க ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. பேசிக்கிட்டே இருக்கு."

ஓடினாள். வழியில் மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. 'வீட்டில் உள்ள அனைத்தும்' என்றால், தினமும் அந்த வீட்டில் தூங்கி எழும் தானும்தானே. பதற வேண்டும் என்று தெரிந்தது. பதற்றம் வரவில்லை. மரத்துப் போயிருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் விளக்கில்லை. சோபாவில் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் யாரோ ஒரு பெண்ணின் குரலில் யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார். மகள் கனத்த ஆண் குரலில், எந்த ஊரிலோ பெய்த மழை அளவுகளை.

"பாப்பா... அம்மாடா. அம்மாவைப் பாரு."

மகளின் உதடுகள் நிற்கவில்லை. கண்கள் மட்டும் திரும்பின. அவை அம்மாவை அடையாளம் கண்டுகொண்டன. நீர் கோத்தது.

உள்ளேதான் இருக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வந்துவிடுவாள்.

வாயைத் திறந்தாள்.

ஒரு கிழவரின் குரலில், ஏதோ ஒரு பேருந்து புறப்படும் நேரம் வந்தது. அடுத்த பேருந்து. அதற்கடுத்தது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலிடுக்கில் அது வந்துகொண்டே இருந்தது.